என் கை நீளத்துக்கு ஒரு துவக்கு

செப். 3, 1996, செவ்வாய்

மழை. மகள் ஆரணிக்கு மூக்குச்சளி. காய்ச்சல் இல்லை (மூன்று தரம் பார்த்தாயிற்று). கார்டெரியில் (பிள்ளைகள் காப்பகம்) விட்டுவிட்டு வேலைக்கு.

துவக்கு வைத்திருக்கும் அனுமதிப் பத்திரம் தபாலில்! படத்தில் கள்ளி மாதிரி இருக்கிறேன்.

வேலையில் பக்கத்து மேசை லூசியோடு பகிடிக்குப் போன வேட்டை வகுப்பின் பலன். பௌதிகம் படித்துவிட்டு லாசால் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவள், அந்த வகுப்பில்தான் முதல் தரம் படித்ததைப் பாவித்தேன். குறி பிசகவில்லை. நவம்பரில் அவள் குடும்பத்தோடு மான் வேட்டைக்கு நானும்.

கடைத் துவக்கெல்லாம் ஆறடி ஆண்களுக்கு. நான் நாலடி பதினொன்று. தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டாது. ஆகவே நாமே செய்வது:

– துவக்கு: லூசியின் அண்ணனிடம் உள்ள பழைய இராணுவச் சாமான். துருவில்லை. சுடும்போது உதைப்பும் குறைவாம்.
– குழல்: உள்ளதே. கொஞ்சம் குறுக்கலாம்.
– மரப்பிடி: அரைவாசி கடைந்தது, அவரிடமே. மிச்சம் அரத்தாள், எண்ணெய், என் கை.
– தொலைநோக்கி: பழசு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
– பூட்டுப்பெட்டி: புதிது. இதில் மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை.

வீட்டில் இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

செப். 5, வியாழன்

சொல்லிவிட்டேன். இவர் டோர்வல் வேலையால் வந்து சாப்பிடும்போது. சத்தம் போடவில்லை, சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"உந்தச் சாமானுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். நீர் காசு குடுத்து வீட்டுக்குக் கூப்பிடுறீர்."

பிழையில்லை. ஆரணியின் கை அதில் படுவதாக நானே இரண்டு தரம் நினைத்துவிட்டேன். ஆனால் லூசியின் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு வேண்டுமாம். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வேலையில் இரண்டு பெட்டி மாறி அடுக்கினேன்.

செப். 7, சனி

பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க்கடை. முருங்கைக்காய், மரவள்ளி, சீரகம். கடைக்குள் வைத்து இவரே தொடங்கினார். பிள்ளை எடுத்தால்?

சுட வைக்கும் போல்ட்டைக் கழற்றினால் வெறும் இரும்புக்குழாய் என்றேன். துவக்கு பெட்டிக்குள், போல்ட் வேறு பூட்டுக்குள், குண்டு லூசி வீட்டில். பில்லின் பின்பக்கம் கீறிக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"போல்ட்டின்ரை திறப்பு ஆரிட்டை?"

"உங்களிட்டை."

"அப்ப மான் என்னட்டைத்தான் முதல் விசாரிக்கோணும்."

கடைக்கார அண்ணை காது கொடுத்திருக்கிறார். இறைச்சி கிடைத்தால் தனக்கொரு தொடையாம். இவர் சிரித்தார். ஓம் என்று மட்டும் சொல்லவில்லை. பில் இவரின் சட்டைப்பையில்.

செப். 8, ஞாயிறு

வெயில். ஆரணி இரண்டு தோசை!

லூசியின் அண்ணன் மரப்பிடியை இன்று அறுக்கிறார். அதன் நீளத்தை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். அறுத்தால் பிறகு ஒட்ட முடியாது. இவர் காலையிலிருந்து பேப்பருக்குள். என்னவானாலும் அளந்து வைப்போமென்று, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை நாலு தரம் அளந்தேன். பன்னிரண்டே கால் அங்குலம். டெலிபோனுக்குக் கிட்டப் போய் நின்றேன். எடுக்கவில்லை.

பேப்பர் இறங்கியது.

"நவம்பரிலை உந்தச் சட்டையோடையோ காட்டுக்குள்ளை நிக்கப் போறீர்? பனிக்கோட்டைப் போட்டிட்டு வாரும்."

பௌதிகப் பட்டதாரி! தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் கோட்டு இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

கோட்டோடு வியர்க்க வியர்க்க நின்றேன். இவர் தோளடியில் தடிப்பை அளந்தார். முக்கால் அங்குலம். கழித்தால் பதினொன்றரை. ஆரணி நாடாவை இழுத்தாள், திரும்பவும் அளந்தார். அதே பதினொன்றரை.

நம்பரைச் சுழற்றியதும் இவர்தான். இவரின் வழக்கமான மோசமான பிரெஞ்சில்.

"போன்ஜூர், மதாம் லூசி. ஒன்ஸ் எ தெமி. வீ, வீ. பூர் மா ஃபாம்."

பதினொன்றரை. என் மனைவிக்கு.