அத்தையின் பெயர் கேட்கும் முன்வாசல்

சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை, நீ அங்கே குளிரில் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. ஆஸ்பத்திரி முன்வாசலுக்கு உன் அத்தை பெயரை வைக்கப்போகிறார்களாம், அவளுக்கு வாரிசு நீ என்பதால் உன் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் வந்திருக்கும். போட்டுவிடாதே. உன் அண்ணன், பெருமைதானேம்மா, எதுக்கு நொட்டை சொல்றே என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துணி வெளுப்பவர்களும் கூட்டுகிறவர்களும் பிணவறைப் பக்கத்துப் பின்வாசலில்தான் நுழைய வேண்டும் என்றிருந்த காலத்தில், அங்கே துணி வெளுத்த உன் அத்தை பதினோரு பேரோடு முன்வாசலில் ஏழு மாதம் உட்கார்ந்தாள். யார் என்ன திட்டினாலும் கோபப்படாமல் உட்கார்ந்திருக்க, தினமும் காலையில் நம் கூடத்தில் ஒத்திகை. எனக்குப் பொறுமை போதாது என்று, காவலாளி மாதிரி அவர்களைத் திட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தாள். சாமி கும்பிட்ட வாயால் என்னென்னவோ பேசினேன், கடவுள் மன்னிக்கட்டும். யாருக்கு முகம் சிவந்தது, யார் கை மடியை விட்டு எழுந்தது என்று நோட்டில் குறிப்பேன், அவர்கள் அன்றைக்கு வீட்டில்தான். அத்தை பெயரே அதில் மூன்று நாள் இருக்கிறது, அன்றெல்லாம் வீட்டில் உர்ரென்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்படி வாங்கிய வாசல்.

போன மாதம் அங்கே அட்டை காட்டினால் திறக்கிற கதவு போட்டுவிட்டார்கள். ஒப்பந்தத்தில் கூட்டுகிறவர்களுக்கு அட்டை கிடையாது, மறுபடியும் பிணவறை வழிதான். அன்றைக்கு அவள் உட்கார்ந்ததும் இதற்குத்தானே என்று நிர்வாகியிடம் போய்க் கேட்டேன், அது பாதுகாப்பும்மா, ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறீங்க என்று காபி கொடுக்கிறார். அங்கே கூட்டுகிற நம் பக்கத்து வீட்டுக்காரி, ஏங்க்கா, பேரு எழுதினா நாங்க எந்த வாசல்ல நின்னு படிக்கிறது என்கிறாள். நீயும் போனில், காலம் மாறிடுச்சும்மா என்றாய். அந்தப் பின்வழி இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு அடி நீளம், நானே நடந்து எண்ணினேன்.

எல்லாருக்கும் அட்டை கொடுத்த பிறகுதான் கையெழுத்து என்று அந்தக் காகிதத்திலேயே எழுதித் திருப்பி அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அண்ணன் விழாவுக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டான், முகத்தைத் தூக்குவான், தூக்கட்டும். அவள் விட்டுப்போனதில் நம் கையில் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான், அதைச் சும்மா கொடுத்துவிடாதே.

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும் கெட்டியான மனசையும் கொடுக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா