புகை நுழையாத அறை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமா? நான் நலம். இந்த வருட இதயப் பரிசோதனையிலும் குறையில்லை.

இங்கே என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் அண்ணனிடம், அறைக்குள் புகைபிடிக்காதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். "சின்ன வயசுல கேன்சரையே விரட்டினவன், ஒரு சிகரெட்டுக்குப் பயப்படறியாடா?"

"கேன்சர் மருந்து அப்பவே நெஞ்சை ஒரு தட்டு தட்டிட்டுத்தான் போச்சுண்ணே. மிச்சத்தை உங்க புகைக்குத் தர மாட்டேன்."

கட்டிலைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் பொருத்தும் லிஃப்ட்டுகளின் சாமான்கள் கிடக்கும் அறைக்குத் தனியாக வந்துவிட்டேன்.

இந்த அறையில் ராத்திரி குளிர் அதிகம், கனமான போர்வை ஒன்று அனுப்புங்கள். தனியாகத்தான் சாப்பிடுகிறேன், சாப்பாட்டு நேரத்தில் அம்மாவை போனில் கூப்பிடச் சொல்லுங்கள். சட்டென்று போனை வைக்க வேண்டாம்.

நீங்கள் மொட்டைமாடியில் ஒளிந்து சிகரெட் பிடிப்பதும் தெரியும். நிறுத்தாவிட்டால் விடுமுறைக்கு வந்தாலும் அத்தை வீட்டில்தான் தங்குவேன். சிகரெட்டா மகனா, நீங்களே சொல்லுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்