உள்ளே இருந்தவர்

18-1-92, சனி

பொங்கல் முடிந்தும் பனி விடவில்லை. புது டயரி. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். நம் வீட்டு விஷயம் என்பதற்காக ஒரு வரிகூட மாற்றமாட்டேன்.

நாளை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். முடிச்சூர்க்காரர்கள். மாப்பிள்ளை டிராஃப்ட்ஸ்மேன். அவர் போட்டோ அக்காவின் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை: ஜன்னல் துடைக்க. ரவை, முந்திரி. பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்க.

அப்பா ஏர்ஃபோர்ஸில் நேவிகேட்டர். எழுபத்தொன்று யுத்தத்தில் விமானம் விழுந்து பாகிஸ்தானில் பிடிபட்டார். அவர் அங்கே இருக்கும்போதுதான் அக்கா பிறந்தாள். கைதி, முகாம் என்றெல்லாம் சொல்லமாட்டார். "உள்ள இருந்தப்போ" என்பார், அவ்வளவுதான். அங்கே ராத்திரி முழுக்க பல்பு எரியுமாம். ஸ்விட்ச் இருந்தது அறைக்கு வெளியே. அதனால் நம் வீட்டில் ராத்திரி லைட் அணைப்பது அப்பா மட்டும்தான். வேறு யாரும் தொடக்கூடாது.

19-1-92, ஞாயிறு

கேசரி லேசாக அடிப்பிடித்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அக்காவுக்குப் பச்சைப் பட்டு. மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார், அக்கா அவரைப் பார்த்தாள், நான் இருவரையும் பார்த்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

பொண்ணு பிறந்தபோது எந்த ஊரில் போஸ்டிங் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்.

"அப்போ நான் உள்ள இருந்தேன்" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டார்.

யுத்தத்தில் பிடிபட்டது, தப்பு ஒன்றும் பண்ணவில்லை என்று அம்மா அவசரமாக விளக்கினாள். மெடல் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். ஓடினேன்.

"அப்ப சாப்பாடெல்லாம் கவர்மெண்ட் செலவுன்னு சொல்லுங்க. அதுவும் அந்த ஊர் கவர்மெண்ட்" என்றார் பெரியப்பா. சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெட்டியை யாரும் திறக்கவில்லை.

23-1-92, வியாழன்

கணக்கு டெஸ்ட். பேனா கசிந்து யூனிஃபார்மில் மை.

சம்பந்தம் பேசியவர் காலனி செக்ரட்டரி மாமா. பதிலும் அவரே கொண்டுவந்தார். வேண்டாமாம். அக்கா ஜாதகத்தில் பந்தன யோகம், அதாவது ஜெயில். அப்பாவை உள்ளே தள்ளிவிட்டுப் பிறந்தவள், நாளைக்குப் புருஷனையும் தள்ளுவாள் என்று அவர்கள் ஜோசியர் சொன்னாராம். போன மாதம் இதே ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் என்றதும் அதே ஜோசியர்தான்.

அப்பா பிடிபட்டபோது அக்கா அம்மா வயிற்றில். எப்படித் தள்ளியிருப்பாள்?

"நான் வேற என்ன சொல்லியிருக்கணும்?" என்று அப்பா கேட்டார். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் போட்டோ இல்லை.

26-1-92, ஞாயிறு

வெயில். செக்ரட்டரி மாமா காலையிலேயே வந்தார். கொடியேற்ற அப்பாவைக் கூப்பிட.

"வருஷா வருஷம் சார்தானே ஏத்துவீங்க. மெடலோட வந்துடுங்க. காலனிக்கே பெருமை."

அப்பா சட்டை போட்டார். எப்போதும்போல அக்காதான் மெடல் குத்திவிட்டாள்.

"போய்ட்டு வாங்கப்பா. கொடி ஜாதகம் கேக்காது."

அப்பா வாசல் வரை போய், திரும்பி வந்து, மெடலைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டுப் போனார்.

மைக்கில் 'மாவீரர்' என்றார்கள். கைதட்டல். ஆரஞ்சு மிட்டாய். அக்காவுக்கும் ஒன்று வாங்கிவந்தேன். தொடவில்லை.

சாப்பாடு ஆயிற்று. பாய் போட்டாயிற்று. அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. லைட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா அவரைப் பார்க்கிறாள். நான் எழுதுவதுபோல் தலையைக் குனித்துக்கொண்டு—

மீதி தெருவிளக்கு வெளிச்சத்தில். அக்கா எழுந்தாள். அப்பாவைக் கேட்கவில்லை. லைட்டை அணைத்துவிட்டாள்.