மூலைக்குப் போன லோகோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாள், நீங்களே எழுதுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. ரத்தப் பரிசோதனை லேப்களுக்கான எங்கள் சாப்ட்வேருக்கு நான்தானே புதுத் தோற்றம் அமைத்தேன்? திறந்ததும் திரை முழுக்கக் கம்பெனி லோகோ ஆரஞ்சு நிறத்தில் விரியும். சோதித்துப் பார்க்க வந்த லேப் அக்கா அதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், மூடினார். "ஏதோ விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கும்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மானேஜர், "இந்த வேலைக்கு அழகு எதுக்கு? பழசே போதும்" என்றார். என் வேலையே போய்விடுமோ என்று பயந்தாலும் நான் விடவில்லை. லோகோவை மூலைக்கு அனுப்பிவிட்டு, ஆரஞ்சை ஆபத்தான பரிசோதனை முடிவுகளுக்கு மட்டும் வைத்தேன். நேற்று அதே அக்கா திரையைத் திறந்த கையோடு ஒரு நோயாளிக்காக டாக்டருக்குப் போன் போட்டார். "கண்ணுல பளிச்சுனு பட்டுச்சும்மா" என்றார். என் வேலை பத்திரம், அம்மாவிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களாமே. என் அறைக் கதவின் பச்சையை மட்டும் மாற்றாதீர்கள். வந்து இறங்கியதும் என் கண்ணிலும் ஏதாவது பளிச்சென்று பட வேண்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்