நடை அடைத்த சுவரும் டிவி ஸ்டாண்டும்

செல்வபுரம், கோவை
ஆவணி, 1996

அன்பு மகன் வெள்ளியங்கிரிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரி கயல்விழியும் பாப்பாவும் சுகம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மருதமலையான் துணை. நீ அனுப்பிய டிவி வந்து சேர்ந்தது. மேசையில் வைத்தால் பாப்பா இழுத்துவிடுவாள், சுவரில் இரும்பு ஸ்டாண்டு அடித்து வையுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்குக் காந்திபுரம் கடையிலிருந்து ரைஹான் என்பவர் புதன்கிழமை வந்தார். பிளக்கு பக்கமாக இருக்கிறது என்று கயல்விழி கிழக்குச் சுவரைக் காட்டினாள். அது நமக்கும் உன் சித்தப்பா சென்னகேசவன் வீட்டுக்கும் பொதுச்சுவர்.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். டிரில் போட்டதும் முதலில் சிமெண்டுப் பொடி வந்தது, பிறகு செம்மண்ணாகக் கொட்டியது. நிறுத்துங்க தம்பி என்றேன். மரக்கட்டை அடிச்சுச் சிமெண்டு வெச்சா நிக்குமுங்கம்மா என்றார். நிற்காது. அது சுவரே அல்ல, இரண்டு வீடும் ஒன்றாக இருந்தபோது போக வர இருந்த நடைவாசல். நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். பங்கு பிரித்த அன்று பொழுது சாய்வதற்குள் உன் சித்தப்பா அதை மண்ணும் உடைந்த ஓடும் வைத்து அடைத்து, மேலே மட்டும் சிமெண்டு பூசினார். ரெண்டு நாள் பொறு, செங்கல் வரட்டும் என்று உங்கப்பா சொன்னதற்கு, ரெண்டு நாளு உங்க மூஞ்சியப் பாக்கறதுக்குப் பதிலா மண்ணே போதுமுங்கண்ணா என்றார். மரியாதையில் குறை வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு ஆட்களோடு எனக்குப் பேச்சில்லை.

அப்போதுதான் கயல்விழி, ஏனுங்கத்தை, அந்தப் பக்கம் அதே எடத்துல பலகையடிச்சுப் பித்தளைக் குண்டாவா அடுக்கியிருக்காங்க, அதுக்குக் கீழதான் அவங்க பேரன் தூங்குவான் என்றாள். நீ எப்போது பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. மனதில் வைத்திருக்கிறேன். தம்பி, மண்ணடைப்பு ஆடிப்போச்சு, அந்தப் பக்கம் கொழந்தை படுத்திருந்தா எடுக்கச் சொல்லுங்க என்று ரைஹானிடம் சத்தமாகச் சொன்னேன். யார்கிட்டங்கம்மா சொல்றது என்று விழித்தார். செவுத்தப் பாத்துச் சொல்லுங்க, கேக்கும் என்றேன். சொன்னார். பிறகு குண்டா இறக்கும் சத்தம். பிறகு உன் சித்தி குழந்தையம்மாள், தம்பி, பையன எடுத்தாச்சு, பலகையத் தொட்டதும் ஆணி கையோட வந்துருச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க என்றாள். எனக்குக் காது கேட்காததுபோல ரைஹான் அதையே திருப்பிச் சொன்னார். கேட்டதென்று சொல்லச் சொன்னேன்.

ஸ்டாண்டு இப்போது தெற்குச் சுவரில் இருக்கிறது. உங்கப்பா நின்று கட்டிய செங்கல் சுவர். போல்ட் முடுக்கியதும் ரைஹானையே அதைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே தொங்கினார், அசையவில்லை. டிவியைப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறது, வயர் பாப்பாவுக்கு எட்டாது, அதன் கீழே தொட்டில் கட்டக் கூடாதென்று சொல்லிவிட்டேன். மத்தியானம் ஜன்னல் வெயில் பட்டுப் படம் தெரிவதில்லை என்று கயல்விழிக்குக் குறை. தெரியாவிட்டால் போகிறது. நீயும் படுக்கும் இடத்தில் தலைக்கு மேல் எதையும் மாட்டி வைக்காதே. வெயிலில் வெறுந்தலையோடு போகாதே. மருதமலையான் உன் கூடவே இருப்பார், நீ நல்லாயிருப்பாய்.

உன் சித்தப்பாவுக்கு நீ பொங்கல் வாழ்த்து அட்டை போடுவது எனக்குத் தெரியும். அதில் அம்மா பேசிவிட்டாள் என்று எழுதிவிடாதே. நான் பேசியது ரைஹானிடம்.

இப்படிக்கு,
அம்மா சாமியாத்தாள்