தெருமுனையில் தொங்கும் பைலட்

ஆகஸ்ட் 4

தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியாயிற்று. என் மகன் ஜெகபர் அலிக்கு அம்புட்டு அவசரம். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப்பட்டை, என் பேத்தி ஹுஸ்னா சிரிக்கிறாள். கீழே ‘பைலட்’ என்று கொட்டை எழுத்து. அந்தச் சட்டையை அவள் இன்னும் தொட்டதே இல்லை. பிளெக்ஸ் கடைக்காரன் படத்தில் மாட்டிவிட்டது. லைசன்ஸுக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அப்புறம்தான் விமானக் கம்பெனி திரும்பியே பார்க்கும். இவளுக்கு இருபத்தெட்டு மணி பாக்கி. பள்ளிவாசலில் எல்லாரும் இவனுக்குக் கைகொடுத்தார்களாம். த்தூ.

ஆகஸ்ட் 7

ஹுஸ்னா வந்திருக்கிறாள். வடக்கே அவள் படிக்கிற இடத்தில் இருந்த ஒற்றை விமானமும் ரிப்பேராம். மீதி மணியைப் பறக்காமலே பறந்ததாக எழுதித் தருகிறோம் என்கிறார்களாம். வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜெகபர் யோசிக்கிறான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டிய பிளெக்ஸை எப்படி இறக்குவது — அதுதான் யோசனை.

ஆகஸ்ட் 8

யோசனை சொல்ல என் கொழுந்தன் கிதர் முகம்மது வந்து உட்கார்ந்துவிட்டார். “ஏலே ஜெகபரு, எல்லாவனும் அப்படித்தான் எழுதுறான். மேல ஏறிட்டா யாரு கேக்கப்போறா?”

இவர் பேசுகிறார். எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில், தொட்டியில் ஊற வேண்டிய தோலை முன்னாலேயே எடுத்து, ஊறியாச்சு என்று சொல்லி லாரி ஏற்றியவர் இவர்தானே. மெட்ராஸில் கட்டைப் பிரித்தால் புழு. அம்புட்டும் திரும்பி வந்து எங்கள் வாசலில் இறங்கியது. என் வீட்டுக்காரர் பேர் கெட்டது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதுவாவது தோல். இதில் பின்னால் உட்காரப்போவது மனுசர்.

டீ கேட்டார். கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9

எழுதியே வாங்கிக்கொள்ளலாம், சரி என்றுவிட்டான் ஜெகபர். ஊர் சிரிக்குமாம். இவனைப் பெத்த வயித்தை என்ன செய்ய?

ஹுஸ்னா தெருமுனைக்குப் போய் பிளெக்ஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10

தொழுதுவிட்டு எழுகிறேன், வாசலில் ஏணி. ஹுஸ்னா பிளெக்ஸைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே ஜெகபரிடம் வருகிறாள்.

“அத்தா, காத்து குறுக்க அடிக்கிறப்ப நான் பிளேனைத் தரையில இறக்கணும். அதை யாரு எழுதித் தருவா?”

ஜெகபர் எழுந்து போய் ஏணியை எடுத்து உள்ளே வைத்தான்.

செப்டம்பர் 1

மீதி மணியைப் பறக்க ஹுஸ்னா வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள். கிதர் முகம்மது கடைத்தெருவில் நின்று, “என்ன, உங்க பைலட்ட இறக்கிட்டீகளா?” என்று ஜெகபரைக் கேட்டாராம். இதையும் அவர் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 16

விடாத மழை. ஹுஸ்னா போன் செய்தாள். அங்கேயும் மேகமாம், இன்று பறக்க விடவில்லையாம். இன்னும் நாலு மணி பாக்கி.

ஆட்டுக் கொட்டகை ஒழுகவில்லை. ஜெகபர்தான் ஏறி பிளெக்ஸை விரித்துக் கட்டினான், படம் உள்பக்கமாக. கிடாய் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அசை போடுகிறது.