பழுது என்று ஒட்டிய தாள்

எப்போதும் எனக்கு முட்டுக்கொடுக்கும் அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி? அப்பா இன்னும் போனைத் தலைகீழாகக் காதில் வைத்துத்தான் பேசுகிறாரா?

கையால் எழுதியிருக்கிறானே, என்ன ஆச்சோ என்று பதறாதே. போனில் எழுதினால் அனுப்பிய கையோடு அழித்துவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியாதா? தாளில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டால் கைவிட்டு எடுக்க முடியாது. பெட்டியின் வாயை நேற்றே அளந்து பார்த்துவிட்டேன், கை நுழையாது.

என் ஹாஸ்டல் அறையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னலையும் திறக்கலாம், கதவையும் சாத்தலாம். நான் வைக்கும் சோறு ஒரு நாள் கஞ்சி, மறுநாள் கல். வகுப்பில் பேராசிரியர் ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரித்த பிறகு நான் சிரிக்கிறேன். ஊரையே சிரிக்க வைத்தவன் இங்கே அரை நொடி லேட்டாகச் சிரிக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே.

பக்கத்து அறையில் ஓர் அண்ணன் இருக்கிறார். நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர், ஆராய்ச்சி மாணவர். லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால், நான் வந்த அன்று என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியவர். “என்னடா தம்பி, அம்மிக்கல்லையும் எடுத்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். அண்ணியும் நாலு வயது மகளும் ஊரில். அவர்களை அழைத்து வரக் குடும்பக் குடியிருப்புக்கு மனுப் போட்டிருக்கிறார். அந்த மனு வார்டன் அம்மாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. “அப்பா, அந்த ஆன்ட்டி பேப்பர்ல கையெழுத்துப் போட்டாங்களா?” என்று குட்டி தினமும் போனில் கேட்பது சுவர் வழியாக எனக்கே கேட்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாடியில் இருபத்தெட்டுப் பேருக்கு இரண்டு வாஷிங் மெஷின். முதல் வாரம் நான் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் யாரோ எல்லாவற்றையும் ஈரத்தோடு தரையில் கொட்டியிருந்தார்கள், ஜட்டி உட்பட. நாலு பேர் தாண்டித் தாண்டிப் போனார்கள். சண்டை போடலாம் என்றால் இந்த ஊர் மொழியில் எனக்குத் தெரிந்தது ஆறு வார்த்தை, அதில் இரண்டு ‘நன்றி’. துணி துவைக்கப் போனவன் வேறொன்றுக்குத் துணிந்துவிட்டேன். லிஃப்டில் ஒட்டியிருந்த ‘பழுது, பயன்படுத்த வேண்டாம், பராமரிப்புப் பிரிவு’ என்ற அறிவிப்பை எழுத்து மாறாமல் காப்பியடித்தேன். வகுப்பு அட்டவணை எடுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி அவர் பிரின்டரிலேயே அதையும் அச்செடுத்து ஒரு மெஷினில் ஒட்டினேன்.

மூன்று வாரம் ராஜா மாதிரி இருந்தேன். வியாழக்கிழமை எல்லோரும் வகுப்புக்குப் போனதும் பழுதான மெஷினில் நான் மட்டும் துவைப்பேன். ஆமாம், எனக்கும் அப்போது வகுப்பு உண்டு.

இன்னொரு மெஷினுக்கு வரிசை நீண்டுவிட்டது. ஆய்வகத்திலிருந்து தாமதமாக வரும் அண்ணனுக்கு முறையே கிடைக்காது. அவர் பக்கெட்டில் சோப்பு கரைத்துக் கையால் துவைக்க ஆரம்பித்தார். குளிர்ந்த தண்ணீர், அக்கா. விரல் கணுவெல்லாம் வெடித்து, பேனா பிடிக்கும்போது முகம் சுளிப்பார். ஒரு நாள் என் கதவைத் தட்டி, “உனக்கும் மெஷின் கிடைக்கலதானே? ரெண்டு சட்டைதான, குடுடா, என்னோடதோட சேத்து அலசிடறேன்” என்றார். வேண்டாம் என்றால் சந்தேகம் வருமே என்று கொடுத்துவிட்டேன். கொடுத்தேன் அக்கா.

நேற்று லிஃப்டைப் பார்க்க மெக்கானிக் வந்தார். அப்படியே இதையும் பாருங்கள் என்று வார்டன் அம்மா கூட்டி வந்தார். மெக்கானிக் பொத்தானை அழுத்தினார், மெஷின் சமர்த்தாகச் சுற்றியது. வார்டன் அம்மா தாளைப் பிய்த்துத் திருப்பினார்.

ஒருபக்கத் தாளை வீணாக்கக் கூடாது என்று அப்பா நம்மை வளர்த்தாரே, அண்ணனும் அதே ஜாதி. அவர் பிரின்டரில் எப்போதும் பழைய தாள்தான் இருக்கும். அறிவிப்பின் பின்பக்கத்தில் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையின் பக்கம், மேலே அவர் பெயர்.

இன்று ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வரும்படி அவரிடம் சொல்லிவிட்டார்கள். இந்த விசாரணை முடியும்வரை மனுவில் கையெழுத்துக் கிடையாதாம். “நான் ஒட்டல” என்றார் அண்ணன், ஒரே தடவை. நான் துண்டும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றேன். பல்லி மாதிரி நின்றேன், பல்லியாவது சத்தம் போட்டிருக்கும்.

அந்தப் பிரின்டரைத் தொட்டது அவரைத் தவிர நான் ஒருவன்தான். அது அவருக்குத் தெரியாதா? பிறகு என் அறைக்கு வந்தார். “சட்டை காஞ்சிருச்சு, எடுத்துக்க” என்று மடித்த சட்டை இரண்டையும் மேசையில் வைத்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. அப்பாவின் டூத்பேஸ்டை வழித்து எடுத்து ஷேவிங் கிரீமை அடைத்தது நான். திட்டு வாங்கியது நீ, பள்ளிச் சுற்றுலா போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததும் நீ. அன்றைக்கும் நீ என்னை இப்படித்தான் பார்த்தாய், ஒன்றும் கேட்காமல். நான் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

மணி எட்டரை. இதைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே ஆபீஸ். அண்ணனுக்கு முன்னால் போய் நின்றுவிட வேண்டும். ஹாஸ்டலை விட்டு அனுப்பினாலும் அனுப்புவார்கள். துவைத்த சட்டைகளைப் போட மனம் வரவில்லை. அழுக்குச் சட்டையோடுதான் போகிறேன்.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் கேட்டால் ‘அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான்’ என்று ஆரம்பிக்காதே. இந்தத் தடவை எதையும் சமாளிக்காதே. அந்த டூத்பேஸ்ட் கதையையும் அப்பாவிடம் சொல்லிவிடு. சொல்லும்போது நீ சத்தமாகச் சிரித்தால், எனக்கு ரொம்ப நிம்மதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் தம்பி